கழித்துப் போட்ட கணக்கு

அம்மாவுக்கு ஒரு வாரமாகத் தலைசுற்றல். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போயிருந்தோம். தோடு, வளையல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி என் கைக்குட்டையில் முடிந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். "தலையை மட்டும் அசைச்சிடாதீங்கம்மா, இருபது நிமிஷம்தான். பயமா இருந்தா இந்த ரப்பர் பந்தை அமுக்குங்க" என்று டெக்னீஷியன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு சாத்திக்கொண்டது. அப்புறம் எந்திரத்தின் தடதட சத்தம் மட்டும்தான்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "உள்ளே என்னம்மா நினைச்சுக்கிட்டிருந்தே?"

"என்னத்தை நினைக்கிறது? சும்மாத்தான் படுத்திருந்தேன்."

ஆட்டோ பாதி வழி வந்திருக்கும். திடீரென்று என் பக்கம் திரும்பினாள். "நம்ம பழைய வீட்டுக் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இடது பக்கமாடா, வலது பக்கமா?"

அந்த வீட்டை விற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேட்கக் கேட்கத்தான் விவரம் வந்தது. குழாய்க்குள் படுத்திருந்த அந்த நேரத்தில் அவள் வாசல்படி ஏறி, ரேழி கடந்து, முற்றத்தைச் சுற்றி, அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து, கொல்லைக் கதவு வரை போயிருக்கிறாள். அங்கே தாழ்ப்பாளில் கை வைக்கும்போது எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். அதற்குள் ஸ்கேன் முடிந்துவிட்டது. அதைத்தான் 'சும்மா படுத்திருந்தேன்' என்றாள்.

அந்தச் 'சும்மா'வைத்தான் மூளை அறிவியல் பல பத்தாண்டுகளாகக் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டே வந்தது. அது எப்படி நடந்தது, கழித்துப் போட்டதை எப்படி மீண்டும் கையில் எடுத்தார்கள் என்பது நான் திரும்பத் திரும்ப வியந்து படிக்கும் கதை.

நம் மூளையின் எடை ஏறக்குறைய 1.4 கிலோ. உடம்பின் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால் நாம் ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 20 வாட். இரவும் பகலும் அணைக்காமல் எரியும் ஒரு எல்.இ.டி. பல்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடினமான கணக்கு ஒன்றைப் போட ஆரம்பித்தால் இந்த வெளிச்சம் கூடத்தானே வேண்டும்?

1950களில் அமெரிக்காவில் லூயிஸ் சோகோலாஃபும் உடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பயன்படுத்தியது சீமோர் கெட்டி உருவாக்கிய முறை. ஆளைச் சிறிது நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சுவாசிக்க வைப்பார்கள். மூளைக்குப் போகும் தமனி ரத்தத்தையும், மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் சிரை ரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டால், மூளை எவ்வளவு ரத்தத்தையும் ஆக்சிஜனையும் பயன்படுத்துகிறது என்று கணக்கிடலாம். முதலில் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னார்கள். பிறகு மனக்கணக்குப் போடச் சொன்னார்கள். 1955இல் முடிவு வெளிவந்தது. சும்மா படுத்திருந்தபோது மூளை எவ்வளவு ஆக்சிஜனை எரித்ததோ, கணக்குப் போட்டபோதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஓடினால் மூச்சு வாங்குகிறது, மூட்டை தூக்கினால் தசைக்கு ரத்தம் பாய்கிறது. மூளைக்கு மட்டும் வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் செலவு ஒன்றுதான் என்றால், நாம் வேலை என்று நினைப்பது அதன் மொத்த வேலையில் சிறு பங்கு என்றுதானே பொருள்? பின்னாளில் வந்த அளவீடுகளும் இதையே சொல்கின்றன. ஒரு குறிப்பிட்ட வேலையில் ஈடுபடும்போது மூளையின் ஒரு பகுதியில் ஆற்றல் செலவு கூடுவது பெரும்பாலும் 5 சதவீதத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செலவு.

இதை முதலில் முகர்ந்தவர் சோகோலாஃப் அல்ல. ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், 1924இல் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக மின்னலைகளைப் பதிவு செய்தார். ஐந்து ஆண்டுகள் தயங்கிவிட்டு 1929இல் வெளியிட்டார். அவர் கண்டவற்றில் முக்கியமானது, கண்ணை மூடி அமைதியாக இருப்பவர்களிடம் நொடிக்குச் சுமார் பத்து முறை எழுந்து விழும் அலை. கண்ணைத் திறந்ததும் அது அடங்கிவிடும். ஓய்வில்தான் அலை பெரிதாக எழுகிறது! விழித்திருக்கும்போது மட்டுமல்ல, எப்போதுமே மூளை கணிசமாக இயங்கிக்கொண்டிருக்கிறது என்று பெர்கர் எழுதினார். அலைகள் இருப்பதையே பலர் அப்போது நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன் அதே பதிவைச் செய்து காட்டிய பிறகுதான் நம்பினார்கள். அலைகளை ஏற்றுக்கொண்டவர்களும், அவற்றை வைத்து பெர்கர் சொல்ல வந்ததை விட்டுவிட்டார்கள்.

விட்டதற்குக் காரணம் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. அளக்கும் முறையே அப்படி அமைந்துவிட்டது.

செக்கு எண்ணெய்க் கடையில் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் நம் தூக்குவாளியை முதலில் வெறுமையாகத் தராசில் வைப்பார். அந்த எடையைக் கழித்துவிட்டுத்தான் எண்ணெய் ஊற்றி நிறுப்பார். 1980களில் பெட் ஸ்கேன் மூலம் மூளையைப் படம் பிடிக்கத் தொடங்கியவர்களும் இதையேதான் செய்தார்கள். இரண்டே நிமிடத்தில் பாதியாகச் சிதைந்துவிடும் கதிரியக்க ஆக்சிஜன் கலந்த நீரைக் கையில் ஊசி மூலம் செலுத்தி, ரத்தம் எங்கே கூடுகிறது என்று பார்ப்பார்கள். ஆளைச் சும்மா படுக்கவைத்தோ, திரையில் ஒரு சிறு கூட்டல் குறியை வெறுமனே பார்க்கச் சொல்லியோ ஒரு படம். சொற்களைப் படிக்கச் சொல்லி இன்னொரு படம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், மிஞ்சுவது படிப்பதற்கான மூளைப் பகுதி. அற்புதமான முறை. மொழி, பார்வை, நினைவு பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி இந்தக் கழித்தலில் கிடைத்ததுதான். ஆனால் வெறும் தூக்குவாளி, ஊற்றிய எண்ணெயைவிடப் பல மடங்கு கனமாக இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கஸ் ரெய்க்கிலின் ஆய்வகத்தில்தான் முதலில் உறுத்தல் எழுந்தது. கழித்துப் பார்த்தபோது சில இடங்களில் எதிர்மறை எண்கள் வந்தன. அதாவது, வேலை தொடங்கியதும் சில பகுதிகளில் ரத்த ஓட்டம் குறைந்தது. ஒரு சோதனையில் மட்டும் என்றால் பிழை என்று தள்ளியிருக்கலாம். படித்தாலும், படம் பார்த்தாலும், ஒலி கேட்டாலும் அதே இடங்கள் அடங்கின. குறிப்பாக, இரண்டு மூளை அரைக்கோளங்களும் ஒன்றை ஒன்று பார்த்தபடி இருக்கும் உள்சுவரில், பின்பக்கமாக ஒரு பகுதி. அதற்கு 'மர்மப் பகுதி' என்றே ரெய்க்கில் பெயர் வைத்திருந்தார். 1997இல் அவருடைய சகா கார்டன் ஷுல்மன் ஒன்பது ஆய்வுகளை, மொத்தம் 132 பேரின் படங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். ஐயத்துக்கு இடமில்லை. நெற்றிக்கு நேர் பின்னே நடுவில் ஒரு பகுதி, பின்பக்க உள்சுவரில் அந்த மர்மப் பகுதி, காதுக்கு மேலே சற்றுப் பின்னால் இருபுறமும் ஒவ்வொரு பகுதி. வெளிவேலை வந்தால் இவை அடங்குகின்றன. வேலை முடிந்தால் எழுகின்றன.

இங்கே ஒரு நியாயமான கேள்வி உண்டு. சும்மா படுத்திருப்பதும் ஒரு வேலைதானோ? அந்த 'வேலை'யில் இந்தப் பகுதிகள் தூண்டப்பட்டிருக்கின்றன, வேறு வேலை வந்ததும் தூண்டல் நின்றுவிட்டது, அவ்வளவுதானோ? ரெய்க்கில் இதற்குக் கண்டுபிடித்த விடையை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது. மூளையின் ஒரு பகுதி தூண்டப்படும்போது அங்கே ரத்தம் தேவைக்கு அதிகமாகப் பாய்கிறது. ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஆகவே பயன்படாத ஆக்சிஜன் சிரை ரத்தத்தில் மிச்சப்படுகிறது. இந்த மிச்சம்தான் தூண்டலின் அடையாளம். ஓய்வில் இருப்பவர்களின் மூளையில் இந்த மிச்சம் எங்காவது கூடுதலாக இருக்கிறதா என்று தேடினார்கள். எங்கும் இல்லை. வரும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 40 சதவீதத்தை மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே சீராக எடுத்துக்கொண்டிருந்தன. ஆகவே இது தற்காலிகத் தூண்டல் அல்ல, மூளையின் இயல்பான ஓட்டமே இதுதான். 2001இல் இதை வெளியிட்டபோது 'டிஃபால்ட்' என்ற சொல்லை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். புது போனை வாங்கி எதையும் மாற்றாமல் வைத்திருந்தால் அது எப்படி இருக்குமோ, அந்தப் பொருளில். அந்தப் பகுதிகளின் தொகுதிக்கு இன்று 'டிஃபால்ட் மோடு நெட்வொர்க்' என்று பெயர். தமிழில் இயல்புநிலை வலையமைப்பு என்கிறார்கள்.

இதே காலத்தில் வேறொரு ஊரில், வேறொருவர், கழிக்க முடியாத ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இந்தியாவிலிருந்து மேல்படிப்புக்குப் போன பரத் பிஸ்வால் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர். எம்.ஆர்.ஐ. படத்தில் வரும் இரைச்சலைக் குறைப்பது அவருக்கு வாய்த்த வேலை. மூச்சு, இதயத்துடிப்பு இவற்றால் வரும் ஏற்ற இறக்கங்களை எல்லாம் நீக்கிய பிறகும் ஒரு மெல்லிய அசைவு மிஞ்சியது. ஒருமுறை எழுந்து விழப் பத்து நொடிக்கும் மேல் எடுத்துக்கொள்ளும் மந்தமான அலை. ஆள் கைவிரலைக்கூட அசைக்காமல் படுத்திருக்கிறார். ஆனால் இடது மூளையில் கையை இயக்கும் பகுதியில் அலை ஏறினால், வலது மூளையில் மறு கையை இயக்கும் பகுதியிலும் ஏறுகிறது. இறங்கினால் கூடவே இறங்குகிறது. இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கின்றன! 1995இல் அவர் இதை வெளியிட்டபோது, மூச்சின் விளைவாகத்தான் இருக்கும் என்று பலரும் ஒதுக்கினார்கள். 2003இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மைக்கேல் கிரெய்சியஸ் இந்த இரண்டு கதைகளையும் முடிச்சுப் போட்டார். ரெய்க்கில் கண்ட பகுதிகள் தனித்தனித் தீவுகள் அல்ல. பிஸ்வால் கண்ட அதே மந்த அலையில் அவை சேர்ந்தே எழுகின்றன, சேர்ந்தே விழுகின்றன.

சரி, இத்தனை செலவில் அங்கே என்னதான் நடக்கிறது?

கொல்லைக் கதவுக்குத் திரும்பிப் போவோம். பழையதை நினைப்பது, நாளைக்கு நடக்கப்போவதை மனத்தில் ஓட்டிப் பார்ப்பது, அடுத்தவர் என்ன நினைப்பார் என்று ஊகிப்பது, தன்னைப் பற்றி எடைபோடுவது. இவை நான்கும் நமக்கு வேறு வேறாகத் தெரிகின்றன. மூளைப் படத்தில் நான்கும் பெரும்பாலும் இதே வலையமைப்பைத்தான் எழுப்புகின்றன. நினைவும் கற்பனையும் ஒரே பட்டறையில் செய்யப்படுபவை என்பதற்கு, அந்தப் பட்டறையை இழந்தவர்கள் சாட்சி. கனடாவில் எண்டல் டல்விங் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஒருவரை மருத்துவ உலகம் கே.சி. என்ற எழுத்துகளால் அறியும். 1981இல் மோட்டார்சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டவர். உலக விஷயங்கள் தெரியும், சதுரங்கம் ஆடுவார். ஆனால் தன் வாழ்வில் நடந்த ஒரு சம்பவம்கூட நினைவில்லை. டல்விங் அவரிடம், நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. நேற்றை நினைத்தாலும் நாளையை நினைத்தாலும் மனம் ஒரே மாதிரி வெறுமையாகத்தான் இருக்கிறது என்றார் கே.சி.

2007இல் லண்டனில் டெமிஸ் ஹசாபிஸும் குழுவினரும், ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதி பழுதான ஐந்து பேரிடம், வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து சொல்லச் சொன்னார்கள். துண்டு துண்டாக ஏதோ வந்தது, ஒரு காட்சியாகச் சேரவில்லை. (பின்னாளில் புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவுக்காக 2024இல் வேதியியல் நோபல் பெற்ற அதே ஹசாபிஸ்தான்.) அம்மா பழைய வீட்டுக்குள் நடந்தது வெறும் ஞாபகம் அல்ல. உதிரிச் செங்கல்களை எடுத்து அந்த நிமிடத்தில் வீட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு செங்கல் கிடைக்காதபோதுதான் என்னைக் கேட்டாள்.

இந்தக் கட்டுமானத்தை எலியின் மூளையில் நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். ஹிப்போகாம்பஸில் இடத்துக்கு ஒரு நரம்பணு உண்டு. எலி பாதையில் ஓடும்போது இந்த இடத்தில் இந்த அணு, அடுத்த இடத்தில் அடுத்த அணு என்று வரிசையாகத் துடிக்கும். 2006இல் எம்.ஐ.டி.யில் டேவிட் ஃபாஸ்டரும் மேத்யூ வில்சனும், பாதையின் முடிவில் தீனி இருக்கும் இடத்தில் எலி நிற்கும் நேரத்தைக் கவனித்தார்கள். எலி நிற்கிறது. அணுக்கள் நிற்கவில்லை. ஓடிவந்த வரிசையிலேயே, ஆனால் பின்னிருந்து முன்னாக, பல மடங்கு வேகத்தில் மறுபடி துடிக்கின்றன. வந்த வழியை எலியின் மூளை கடைசியிலிருந்து தொடக்கம் வரை ஒரு நொடிக்குள் ஓட்டிப் பார்த்துவிடுகிறது. எந்த அடியெல்லாம் இந்தத் தீனிக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்று கற்பதற்கு இது உதவும் என்று அவர்கள் கருதினார்கள். அந்த இடைநிறுத்தம்தான் பாடம் பதியும் நேரம்.

மனிதரிலும் இதற்கு இணையான ஒன்றை எடின்பரோவில் மிக்கேலா டூவர் காட்டினார். 2012இல் வெளியான ஆய்வு. அறுபது தாண்டியவர்களுக்கு இரண்டு சிறு கதைகள் சொன்னார்கள். ஒரு கதைக்குப் பிறகு பத்து நிமிடம் அரையிருட்டு அறையில் கண்ணை மூடி உட்கார வேண்டும். இன்னொரு கதைக்குப் பிறகு பத்து நிமிடம் இரண்டு படங்களுக்கு இடையே வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டு. பின்னால் ஓய்வு கிடைத்த கதை கூடுதலாக நினைவில் நின்றது. ஏழு நாள் கழித்துக் கேட்டபோதும் அந்த வித்தியாசம் இருந்தது. வகுப்பு முடிந்த கையோடு அடுத்த வகுப்பு, அது முடிந்ததும் டியூஷன், நடுவில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் போன் என்று பிள்ளைகளை ஓட்டும் நாம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஏழெட்டு வயதில் இந்த வலையமைப்பின் பகுதிகள் ஒன்றோடொன்று தளர்வாகத்தான் இணைந்திருக்கின்றன. வளர வளரத்தான் இறுகுகின்றன. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலையில் நடப்பதை நாம் சோம்பல் என்று சொல்லிவிடுகிறோம்.

ஓய்வு எப்போதும் இனிப்பது அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2010இல் ஹார்வர்டில் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரை அவர்கள் போன் வழியாக நாளின் பல நேரங்களில் கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், மனநிலை எப்படி? கேட்ட நேரங்களில் 46.9 சதவீதத்தில் மனம் செய்யும் வேலையில் இல்லை. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாக இருந்தது. 2014இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆட்களை வெற்று அறையில் 15 நிமிடம் தனியே உட்கார வைத்தார்கள். கையருகே ஒரு பொத்தான். அமுக்கினால் தனக்குத்தானே மின் அதிர்ச்சி. காசு கொடுத்தாவது தப்பிப்பேன் என்று முன்பே சொன்ன அதே அதிர்ச்சி. 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் அமுக்கினார்கள். மனச்சோர்வு நோயில் இந்த வலையமைப்பு, போட்ட தடத்திலேயே சுற்றும் செக்குமாடு போல, ஒரே கசப்பைத் திரும்பத் திரும்ப அரைப்பதாகப் பல ஆய்வுகள் சுட்டுகின்றன. அப்படிப்பட்டவரிடம் போய், சும்மா இருங்கள், சரியாகிவிடும் என்று சொல்வது கொடுமை. 2011இல் யேல் பல்கலைக்கழகத்தில், நீண்டகாலம் தியானம் பயின்றவர்களிடம் இந்த வலையமைப்பின் முக்கியப் பகுதிகள் அடங்கியிருப்பதைக் கண்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதும் தியானமும் மூளைக்கு வேறு வேறு என்பது எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது.

அதற்காக, இந்த வலையமைப்பு என்றாலே பகற்கனவு என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. மயக்க மருந்தில் ஆழ்ந்திருக்கும் குரங்குகளிலும் அதே மந்த அலை ஓடுகிறது. அங்கே கொல்லைக் கதவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. நினைப்பே இல்லாத நேரத்திலும் மூளை தன் இணைப்புகளைப் பராமரித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. எண்ணங்கள் அந்தப் பெரிய ஓட்டத்தின் மேல் மிதக்கும் ஒரு பகுதி.

ஓயாமல் ஓடுவதற்கு விலையும் இருக்கலாம். அல்சைமர் நோயில் அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படிகிறது. 2005இல் ராண்டி பக்னரும் சகாக்களும் அந்தப் படிவு எங்கெங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை இயல்புநிலை வலையமைப்பின் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே இடங்கள். வாழ்நாள் முழுக்க அதிகம் உழைத்த பகுதிகளில்தான் கசடு முதலில் சேர்கிறதா என்ற கேள்வியை அந்த ஒற்றுமை எழுப்பியது. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த இரண்டு நாளும் நான் இந்தப் படங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் ஸ்கேனில் குறை ஒன்றும் இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலைக் கோளாறுதான் தலைசுற்றலுக்குக் காரணம் என்றார் டாக்டர்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தெருவைப் பார்த்து நாற்காலியில் உட்காருவது அவள் வழக்கம். பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று முன்பெல்லாம் டி.வி.யைப் போட்டுவிடுவேன். இப்போது போடுவதில்லை. போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தவள், நான் குறுக்கே போகும்போது கூப்பிட்டாள்.

"ரெண்டு பக்கமும்தான்டா. முதல்ல இடது பக்கம், கீழே இருந்துச்சு. நீ தவழ்ந்து போய்த் திறந்துக்கிட்டுக் கிணத்துப் பக்கம் போயிட்டே. அன்னைக்கு சாயங்காலமே உங்கப்பா ஆசாரியைக் கூட்டிட்டு வந்து வலது பக்கம் மேலே மாத்திட்டார்."